சிவப்பு நாற்காலியில் கோதண்டம்

சென்ற வருடம் ஜூலை பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு மணி பதினேழு நிமிடம். வெக்கை. நாலு மணிக்கு வர வேண்டிய கடல் காற்று வரவில்லை. எண்ணூர்ப் பக்கம் வானம் அழுக்கு வேட்டி நிறத்தில் தொங்கியது. அந்தத் திசையில் தெரிவது மழையா புகையா என்று எனக்கு எழுபத்தாறு வயதாகியும் சொல்ல வராது.

திருவொற்றியூரில் தாவீது அண்ணாச்சியின் பருப்புக் கிடங்குக்கு மேல் மாடியில் நாற்பத்திரண்டு பேர் என்னைப் பற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சரியாகச் சொன்னால் நாற்பத்தொன்று. ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். சிரித்தவர்களுக்கு அது நான்தான் என்று தெரியாது. தெரியாமல் இருக்க நான் பட்ட பாட்டைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

காசிமேட்டில் நண்டும் இறாலும் விற்கும் மேரி அக்கா கையில் புத்தகத்தோடு நின்றார். அவர் வாசித்தால் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் கேட்கும்.

"கேளுங்க இத்த! கண்ணாலத்துல தாலி கட்றான் கோதண்டம். மூணு முடிச்சையும் வாய்வுட்டு எண்றான். ஒண்ணு, ரெண்டு, மூணு! அய்யரு மந்திரத்த நிறுத்திட்டு இவன் மூஞ்சியப் பாக்குறாரு. த்தூ, இவன்லாம் ஒரு மாப்பிள்ளையா?"

கூட்டம் சிரித்து உருண்டது. நான் கடைசி வரிசையில் குல்லாயை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டேன். நான் மனதுக்குள்தான் எண்ணினேன். உதடு அசைந்திருக்கலாம்.

இரண்டாம் ஞாயிறு

எங்கள் வாசகர் கூட்டம் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு கூடும். நடத்துகிறவர் வியாசர்பாடி கல்பனா. நர்ஸ் வேலை. ஊசி போடுவது போலவே கூட்டமும் நடத்துவார், வலிப்பதற்குள் முடிந்துவிடும். ராயபுரத்திலிருந்து மீஞ்சூர் வரைக்குமான எழுத்தாளர்களை மட்டுமே எடுத்துக்கொள்வோம். வெளியூர் எழுத்தாளர்களுக்கு வேறு கூட்டங்கள் இருக்கின்றன.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கும். அன்றைய நாவலின் ஒரு பாத்திரமாக யாராவது அதில் உட்கார வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். உட்கார்ந்தவர் அந்தப் பாத்திரமாகவே பதில் சொல்ல வேண்டும். ஒருமுறை அண்ணாச்சியே ஒரு நாவலில் வரும் கள்ளச்சாராயக்காரியாக உட்கார்ந்து, மேரி அக்காவின் பதினாறு கேள்விகளில் பதினைந்துக்கு அழாமல் பதில் சொன்னார்.

அன்று வரைக்கும் நான் பதின்மூன்று கூட்டங்களுக்கு விடாமல் போயிருந்தேன். ஒருமுறைகூட நாற்காலியில் உட்காரவில்லை. மாடிக்கு எத்தனை படி என்பது எனக்குத் தெரியும். அது போதும் என்றிருந்தேன்.

புளியங்கொட்டை

இங்கே என் உத்தியோகத்தைச் சொல்லிவிட வேண்டும். துறைமுகத்தில் நான் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணுகிறவன். ஒரு வலையில் இருபது மூட்டை. நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஐந்து வலை, அதாவது நூறு மூட்டை. நூறானதும் இடது பாக்கெட்டிலிருந்து ஒரு புளியங்கொட்டையை வலது பாக்கெட்டுக்கு மாற்றுவேன். காகிதம் நனையும், காற்றில் பறக்கும். புளியங்கொட்டை பறக்காது.

பக்கத்துக் கப்பலில் எண்ணிய முனுசாமி தீக்குச்சி வைத்துக்கொள்வார். பீடி பற்றவைக்கும் அவசரத்தில் ஒருமுறை முந்நூறு மூட்டைக் கோதுமையைக் கொளுத்திவிட்டார். கணக்கில்தான், கோதுமைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு பெட்டிக் கப்பல்கள் வந்தன. பூட்டிய பெட்டிக்குள் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது? என்னை மேசைக்கு மாற்றினார்கள். கையிலிருந்த கொட்டைகளை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அமிர்தம் அவற்றை வைத்துப் பல்லாங்குழி ஆடினாள். அமிர்தம் என் மனைவி. அந்த மூன்று முடிச்சுக்கு உரியவள்.

நாற்பத்தேழாம் பக்கம்

ஜூன் கடைசியில் கல்பனா கைப்பேசிக் குழுவில் ஒரு பக்கத்தின் படத்தைப் போட்டார். நாவலின் பெயர் 'கிழிசல்'. எழுதியவர் வேதகிரி, துறைமுகத்தில் மூட்டை வலையைத் தூக்கி இறக்கும் விஞ்ச் ஓட்டியவர். பக்கம் நாற்பத்தேழு. கீழே ஒரு குறிப்பு: 'ஜூலை மாத நாற்காலி, டாலி கிளார்க் கோதண்டம்.'

படித்தேன். கோதண்டத்தின் இடது பாக்கெட்டில் புளியங்கொட்டை இருந்தது.

வேதகிரியை எனக்குத் தெரியும். விஞ்ச் இருக்கையில் எங்கள் தலைக்கு மேல் உட்கார்ந்திருப்பார். எப்போதும் வாயில் வெற்றிலை, பேச்சு கிடையாது. அந்த ஆள் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் என்பது நாற்பது வருடம் கழித்து எனக்குத் தெரிந்தது.

மீதிப் பக்கங்களில் என்னவெல்லாம் இருக்குமோ? அன்று இரவு நான்கு முறை எழுந்தேன். வழக்கம் இரண்டு.

காலையில் ஒரு யோசனை வந்தது. புத்தகம் கிடைக்காவிட்டால் கூட்டம் வேறு நாவலுக்கு மாறிவிடும் அல்லவா? பழைய நாவல், எத்தனை பிரதி மிஞ்சியிருக்கும்? ராயபுரம் பழைய புத்தகக் கடையில் நாலு இருந்தது. வாங்கினேன். திருவல்லிக்கேணியில் பதிப்பகத்தைத் தேடிப் போனேன். இருபத்திரண்டு இருந்தது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். இருபத்தாறையும் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

மறுநாள் பெருக்குவதற்குக் குனிந்த அமிர்தம் நிமிரவே இல்லை.

"இன்னாங்க இது? ஒரே புக்கு இருவத்தாறு கீது?"

"படிக்கத்தான்."

"ஒண்ணையே இருவத்தாறு தடவ படிக்கறதுக்கு ஒண்ணு போதாதா?"

அவள் மேலாக இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நாற்பத்தேழாம் பக்கத்துக்கு வந்துவிட்டாள் என்று புரிந்தது.

அடுத்த வாரம் குழுவில் கல்பனாவின் குரல் வந்தது. "நல்ல செய்தி தோழர்களே! நாம அறிவிச்ச ஒரே நாள்ல 'கிழிசல்' மொத்தமா வித்துப் போச்சாம். பதிப்பகத்துக்காரர் ஆடிப்போயிட்டாரு. புது அட்டையோட நூறு பிரதி அடிச்சு நம்ம கூட்டத்துக்கே கொண்டுட்டு வர்றாரு. வேதகிரி ஐயாவும் வர்றாரு!"

பதின்மூன்று கூட்டங்களுக்கு விடாமல் போனவன் பதினான்காவதுக்கு வராவிட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். குல்லாய் ஒன்று எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இன்னொரு கோதண்டம்

வேதகிரி என்னை அடையாளம் காட்டிவிடுவார் என்றுதான் பயந்தேன். அவர் முதல் வரிசையில் மாலையோடு உட்கார்ந்தார். கல்பனா வரவேற்றுப் பேசி முடிப்பதற்குள் தூங்கிவிட்டார். தன் நாவலைப் பற்றிய பேச்சில் தூங்கிய எழுத்தாளரை நான் அன்றுதான் பார்த்தேன். எனக்கு மூச்சு வந்தது.

மேரி அக்கா கல்யாணக் காட்சியை முடித்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். "யாரு குந்தப் போறீங்க? கோதண்டத்துக்கு நான் ரெடி. நறுக்குனு நாலு கேள்வி வெச்சுக்கினு கீறேன்."

மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்தார். தீக்குச்சி முனுசாமி! பேத்தியோடு அன்றுதான் முதன்முறையாக வந்திருந்தார்.

"நான் எதுக்கு நடிக்கணும்? அந்தக் கோதண்டமே நான்தாம்மா. ஹார்பர்ல டாலி கிளார்க். என்னைப் பாத்துத்தான் எழுதிக்கீறாரு நம்ம வேதகிரி."

உடனே கைதட்டல். பத்தொன்பது பேர் எழுந்து நின்றார்கள். பதினோரு கைப்பேசிகள் உயர்ந்தன. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் த்தூ என்ற அதே மேரி அக்கா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நைனா! நீதானா அது! இம்மாம் நாளா எங்க இருந்த?" அண்ணாச்சி தன் தோளில் இருந்த புதுத் துண்டை எடுத்து முனுசாமிக்குப் போர்த்தினார்.

நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். இருபத்தாறு பிரதி வாங்கியும் கிடைக்காத பாதுகாப்பு சும்மா வந்து சேர்ந்தது. வீட்டுக்குப் போய் ஒரு காப்பி குடித்திருக்கலாம்.

முனுசாமி நாற்காலியை நோக்கி நடந்தார். நான் அவர் நடப்பதைப் பார்த்தேன். ஏழு அடி வைத்தார். எட்டாவது அடி வைப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"பொய்!"

எல்லோரும் திரும்பினார்கள். குல்லாய் கீழே விழுந்தது.

"இன்னா தணிகாசலம் சார், இன்னா ஆச்சு?" என்றார் மேரி அக்கா.

"அந்த ஆளு வெச்சிருந்தது தீக்குச்சி! புளியங்கொட்டை என்னுது!"

முனுசாமி சிரித்தார். "தோ பார்றா! யாரு இது, தணிகாசலமா? ஏன் நைனா, இவ்ளோ நேரம் பம்மிக்கினு இருந்துட்டு இப்ப வந்து பங்கு கேக்குறியா? மூணு முடிச்சு எண்ணினவன் நான்தான்னு சொல்லு பாப்போம் தைரியமா!"

"எண்ணினேன்! மனசுக்குள்ள!"

சிரிப்பில் ஜன்னல் அதிர்ந்தது. மேரி அக்கா இரண்டு கையையும் தூக்கினார். "சும்மா கிடங்க எல்லாரும். ரெண்டு பெர்சும் கோதண்டம்ன்னா எவன் ஒரிஜினல்ன்னு நானே கண்டுபுடிக்கிறேன். ஏறி வந்தீங்களே, மாடிப்படி எத்தினி?"

முனுசாமி மேலே பார்த்தார். "இருவது."

"பதினெட்டரை," என்றேன்.

"அரையா?"

"கடைசிப் படி பாதி உசரம். கொத்தனார் கணக்குத் தப்பு. பதினாலாவது படியில சிமென்ட் பேந்திருக்கு. அண்ணாச்சிகிட்ட நாலு தடவ சொல்லிட்டேன்."

மேரி அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானே இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் அவர் குரல் கீழே போய், மறுபடியும் மேலே வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தெய்வமே! நீதான்யா!"

முனுசாமி துண்டைக் கழற்றி என் தோளில் போட்டார். நல்ல மனிதர்தான். பேத்தி எடுத்த புகைப்படங்கள் அவருக்கு மிச்சம்.

பதினேழாம் அத்தியாயம்

சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்தேன். அதன் ஒரு கால் கொஞ்சம் ஆடியது. இத்தனை பேர் என்னை ஆசையாகப் பார்த்தது என் ஆயுளில் இரண்டாவது தடவை. முதல் தடவை, நீங்கள் ஊகித்ததுதான், என் கல்யாணத்தில். அன்றும் எண்ணியதால்தான் கெட்டது.

முதல் நாலு கேள்விகள் மேரி அக்காவுடையவை. அவற்றைச் சமாளித்தேன். ஐந்தாவது கல்பனாவிடமிருந்து வந்தது.

"கோதண்டம் சார், எனக்கு உங்கள அம்பது பக்கம் வரைக்கும் சுத்தமா புடிக்கல. பதினேழாம் அத்தியாயத்துல அழுதுட்டேன். அந்தக் கூலிக்காரரு துண்டுல கோதுமைய முடிஞ்சத நீங்க பாத்துட்டீங்க. அவரு பொண்டாட்டி பிரசவத்துக்குக் காத்துக்கினு இருக்கறாங்க. ஆயுசுல ஒரு கணக்குகூடத் தப்பா எழுதாத ஆளு, அன்னைக்கு மட்டும் கிழிசல்ன்னு எழுதிட்டீங்க. எப்படி மனசு வந்துச்சு?"

எங்கள் தாளில் இரண்டு பத்தி உண்டு. ஒன்று கிழிசல், மூட்டை தானாகக் கிழிந்து சிந்தியது, யார் மேலும் குற்றமில்லை. இன்னொன்று குறைவு, யாரோ எடுத்திருக்கிறார்கள், வாசலில் ஆட்களைச் சோதிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடுதான்.

நாவலில் கோதண்டம் கிழிசல் பத்தியில் கோடு போடுகிறான். கூலிக்காரன் தப்பிக்கிறான்.

எனக்கு அந்த அத்தியாயம் தெரியும். கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து ஒன்பது முறை படித்திருந்தேன். அந்தக் கூலிக்காரனின் நிஜப் பெயர் ஏழுமலை. எங்கள் வழக்கப்படி நான் கோதண்டமாகப் பதில் சொன்னால் போதும். 'மனசு கேக்கலம்மா' என்று ஒரு வாக்கியம். நாற்பத்தொரு பேர் கைதட்டுவார்கள்.

"நான் கிழிசல்னு எழுதல," என்றேன். "குறைவுன்னுதான் எழுதினேன். வாசல் கேட்டுல ஏழுமலையப் புடிச்சிட்டாங்க. பதினோரு நாள் வேலை குடுக்கல."

கீழே பருப்பு மூட்டை ஒன்றை இறக்கும் சத்தம் கேட்டது. மேரி அக்கா புத்தகத்தை மூடினார். துண்டு என் தோளில் பாரமாக இருந்தது. எடுக்கலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.

முதல் வரிசையில் ஓர் இருமல். வேதகிரி கண்ணைத் திறந்திருந்தார். எப்போதிலிருந்து என்று தெரியாது.

"அது எனக்குத் தெரியும் தணிகாசலம்," என்றார். "மேல விஞ்சுல குந்திக்கினு பாத்துக்கினுதானே இருந்தேன். உன் பேனா ரெண்டு பத்திக்கும் நடுவுல நின்னுச்சு. நீ எழுதப்போறது எதுன்னு பாக்க நான் வலையக்கூட இறக்காம அந்தரத்துல புடிச்சிக்கினு இருந்தேன். மூணு செகண்டு நின்னுச்சு. அப்புறம் நீ இந்தாண்ட எழுதிட்ட. நான் அந்தாண்ட எழுதினேன். அந்த மூணு செகண்டுதான்யா அந்த அத்தியாயம்."

நான் அவரைப் பார்த்தேன். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"அஞ்சு," என்றேன்.

"இன்னாது?"

"அஞ்சு செகண்டு. மூணு இல்ல."

முதலில் சிரித்தவர் வேதகிரி. சிரித்துச் சிரித்து அவர் கழுத்து மாலையிலிருந்து பூ உதிர்ந்தது. மேரி அக்கா வந்து என் தோள் துண்டைச் சரிசெய்து, மேலே ஒரு தட்டு தட்டினார். "பெர்சு, நீ குந்து. எந்திரிக்காத. எனக்கு இன்னும் ஆறு கேள்வி கீது."

ஏழு கேட்டார்.

அத்திப்பட்டு

கிளம்பும்போது வேதகிரி சொன்னார். ஏழுமலை அத்திப்பட்டில் மகனோடு இருக்கிறார், கண் சரியில்லை, படிக்க முடியாது. புத்தகம் வந்ததே அவருக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறு மின்சார ரயிலில் போனேன். திருவொற்றியூரிலிருந்து ஐந்தாவது நிலையம். கையில் புது அட்டை போட்ட பிரதி. வீட்டில் இருபத்தாறு இருக்க, கூட்டத்தில் வெட்கத்துக்காக ஒன்று வாங்கியிருந்தேன்.

அனல் மின் நிலையத்தின் சாம்பல் படிந்த வேப்பமரத்துக்குக் கீழே கயிற்றுக் கட்டிலில் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். பெயரைச் சொன்னேன். முகத்தை என் குரல் பக்கம் திருப்பி, "கொட்ட எண்ற ஆளா?" என்றார். ஆமாம் என்றேன். "குந்து."

பதினேழாம் அத்தியாயத்தை உரக்க வாசித்தேன். பதினாலு பக்கம். கோதண்டம் கிழிசல் பத்தியில் கோடு போட்ட இடத்தில் மட்டும் ஏழுமலை தன் தொடையில் விரலால் தட்டினார்.

முடித்ததும், "சோக்கா எழுதிக்கீறான் வேதகிரி," என்றார். "ஆனா உண்மைல நீ வேற எழுதின."

"ஆமா. அதச் சொல்லத்தான் வந்தேன். பதினோரு நாள் உங்களுக்கு வேலை போச்சு."

"பன்னெண்டு."

"இல்ல, பதினோரு நாள். ரிஜிஸ்டர்ல பாத்தேன்."

"பன்னெண்டாவது நாளு வரச் சொன்னாங்கன்னு போனேன். பட்டியல்ல பேரு ஏறலன்னு கேட்டாண்டயே திருப்பி அனுப்பிட்டாங்க. பச்சக் கொழந்தய வூட்ல வுட்டுட்டு நடந்து போயி நடந்து வந்தேன். அத்த எந்த ரிஜிஸ்டர்ல எழுதுவாங்க?"

எழுதியிருக்க மாட்டார்கள். முப்பத்தெட்டு வருட உத்தியோகத்தில் யாரும் திருத்தாத என் எண்ணிக்கையை ஒருவர் திருத்தியது அன்றுதான். நான் பேனாவை எடுத்து, பதினேழாம் அத்தியாயத்தின் ஓரத்தில் பன்னிரண்டு என்று எழுதினேன். எழுதியதை அவருக்குச் சொல்லவும் செய்தேன்.

"எழுதிட்டியா? சரி, வுடு," என்றார். "அந்தப் பன்னெண்டு நாளும் ஹார்பர்ல நண்டு சீசன். கூட்டாளிங்கல்லாம் தின்னானுங்க. எனக்குக் கெடைக்கல. அடுத்த வாரம் வரும்போது ரெண்டு கிலோ நண்டு எடுத்துக்கினு வா. வர்றப்ப அந்தக் கண்ணாலக் காட்சியப் படிச்சுக் காட்டு. எம்மவன் ஃபோன்ல உங்க கூட்டத்து வீடியோவப் பாத்துட்டுச் சொன்னான், மூணு முடிச்சையும் எண்ணிட்டியாமே?"

மேரி அக்காவிடம் நண்டு வாங்கினேன். கோதண்டத்துக்கு ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டேன் என்றார். தராசை நான் இரண்டு முறை பார்த்தேன். அவர் என்னை மூன்று முறை பார்த்தார். அடுத்த ஞாயிறு அமிர்தமும் கூட வந்தாள், டிக்கெட்டைத் தன் பர்சிலிருந்து எடுத்தாள். கல்யாணக் காட்சியை நான் வாசிக்க ஆரம்பித்ததும் புத்தகத்தைப் பிடுங்கித் தானே வாசித்தாள், முடிச்சு எண்ணும் இடத்தில் என் குரலிலேயே.

பழைய பிரதிகள் இருபத்தாறுக்கு இரண்டாயிரத்து எண்ணூற்று எண்பது, ஆட்டோவுக்கு முந்நூற்றுப் பத்து, புதுப் பிரதி இருநூறு, என் ரயில் இரண்டு ஞாயிற்றுக்கும் இருபது, ஷேர் ஆட்டோ எண்பது, நண்டு எண்ணூறு. ஆகமொத்தம் நாலாயிரத்து இருநூற்றுத் தொண்ணூறு ரூபாய்.